ஆயிரம் ரூபாய் ரோடு

1

இந்த நாட்டுப் பிரஜையான பிறகு நான் போட்ட முதல் ஓட்டு ஓர் ஆளுக்கு இல்லை, ஒரு பாலத்துக்கு.

கனடாவில் நாங்கள் இருக்கும் ஊர் சின்னது. ஓர் ஆறு, அதன் மேல் துருப்பிடித்த இரும்புப் பாலம், பாரம் ஏற்றிய லாரி இதில் போகக் கூடாது என்று ஒரு பலகை. புதிய பாலம் கட்ட மாகாண அரசு ஒரு பங்கு தரும். மீதியை ஊர் நிர்வாகம் கடன் பத்திரம் விற்றுத் திரட்ட வேண்டும். அந்தக் கடனை இருபது வருஷம் வீட்டு வரியோடு சேர்த்து நாங்கள் அடைக்க வேண்டும். அதற்குச் சம்மதமா இல்லையா என்று ஊரைக் கேட்டு ஒரு சீட்டு. முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பாலம் வேண்டுமா என்று ஜனங்களைக் கேட்டுவிட்டுக் கட்டுகிற சர்க்காரை நான் பார்த்ததில்லை.

நான் அந்த ஊர் நிர்வாகத்தின் பொறியியல் பிரிவில்தான் வரைபடம் வரைகிறேன். ஓட்டுக்கு ஆறு வாரம் முன்னால் தீயணைப்பு நிலையத்தில் பொதுக் கூட்டம் வைத்தார்கள். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலிகள் போட்டு, காபியும் பன்னும் வைத்திருந்தார்கள். நான் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் என்னை நிற்க வைத்திருந்தார் என் மேலதிகாரி. யாராவது கேட்டால் கோட்டைக் காட்ட வேண்டியது என் சோலி.

ஹென்றி என்ற பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பாலத்துக்கு ஏறுகிற புதிய சாலையின் கோட்டின் மேல் விரலை வைத்து, "இது என் ஆப்பிள் மரங்களுக்குள் போகிறதே. எப்போது வெட்ட வேண்டும்?" என்று கேட்டார்.

மேலதிகாரி உற்சாகமாக, "ஓட்டு ஜெயித்துவிடும். வசந்தத்தில் வேலை தொடங்கும். இப்போதே வெட்டிவிட்டால் எல்லோருக்கும் வசதி" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "வெட்டாதீர்கள். நஷ்டஈட்டுப் பணம் உங்கள் பாங்குக்கு வரட்டும். அதற்குப் பிறகு வெட்டுங்கள்."

பத்து வருஷத்தில் நான் ஒரு கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை. கையில் பன்னோடு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் மேலதிகாரி என்னை அழைத்து, நீ சொன்னது சரிதான், ஆனால் அதை நான் சொல்லும்படி விட்டிருக்கலாம் என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த வாக்கியம் ஹென்றிக்காகப் பிறந்தது இல்லை என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? அது பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியது.

2

எங்கள் ஊர் குருசடிப்பாறை. பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைகளுக்குப் பின்னால் தொடங்கும் பாதையில் மூன்று மைல் இறங்க வேண்டும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும், ஏறும்போது மற்றதெல்லாம் வலிக்கும். எங்கள் ஊரிலும் அதை ஒட்டிய இரண்டு ஊர்களிலும் விளைகிற வாழை, பீன்ஸ், பேரிக்காய் எல்லாம் மட்டக்குதிரை முதுகில்தான் மேலே போகும். வாழைத்தார் பழனி வரை போய்ப் பஞ்சாமிர்தத்தில் சேர்ந்துவிடும். அங்கே எப்படியும் பிசையத்தான் போகிறார்கள் என்பதால் அடிபட்டாலும் கேள்வியில்லை. பேரிக்காய் அப்படி இல்லை. குதிரையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கறுப்புத் தழும்பு விழும். பெருமாள்மலை வியாபாரி அதை உருட்டி உருட்டிப் பார்த்துப் பாதி விலைக்கு எடுப்பார்.

அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி மெஸ்ஸில் ரொட்டி சுடுகிறவர். சனிக்கிழமை இறங்கி வந்து ஞாயிறு பூசை பார்த்துவிட்டு மாலையில் ஏறிவிடுவார். பள்ளித் தோட்டக்காரர் கொடுத்த கன்றுகளைக் கொண்டுவந்து எங்கள் நிலத்தில் மலைச்சரிவைப் படிபோல வெட்டிய நீளமான ஒரு தட்டில் வரிசையாக நட்டார். முப்பத்தெட்டு பேரி மரங்கள். அம்மாதான் தண்ணீர் சுமந்து வளர்த்தாள். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், தம்பியை அனுப்பியதும் அந்த மரங்கள்தான்.

எனக்கும் கொடைக்கானலிலேயே ரோடு ஆபீஸில் டிரேசர் வேலை கிடைத்தது. இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத்துணியை விரித்து, மசியில் கோட்டை எடுக்கிற வேலை. சொந்தமாக ஒரு கோடும் போடக் கூடாது, இருக்கிற கோட்டைத் தவறவிடவும் கூடாது. நான் அட்டுவம்பட்டியில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்ன ஊர்களுக்கும் ரோடு போடுவது என்று ஐந்தாண்டுத் திட்டத்தில் வைத்தார்கள். ஆனால் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் இருக்கிற ஊருக்குத்தான் முதலிடம். எங்கள் மூன்று ஊரையும் ஒன்றாகச் சேர்த்து, குதிரைகளையும் எண்ணினால் ஒருவேளை அந்தக் கணக்கு வந்திருக்கும். எப்படியோ ஊர்க்காரர்கள் மனு எழுதிப் போட்டார்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனை வந்தது. ரோடு போகிற நிலத்தை ஜனங்கள் இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் மக்கள் பங்கு. நான்கு குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. எங்கள் பங்கு அந்தப் பேரித் தட்டு. அதன் வழியாகப் போகும் கோட்டை மெழுகுத்துணியில் எடுத்தது நான்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அப்பா சொன்னார். "எழுதித்தான் குடுத்துருக்கு. வேலைன்னு வந்து நிக்கட்டும், அப்ப மரத்தப் பாத்துக்கலாம்."

3

மார்ச் கடைசியில் பட்ஜெட்டோடு ஒரு தடித்த புத்தகம் ஆபீஸுக்கு வரும். அந்த வருஷம் எங்கெங்கே என்ன வேலை என்கிற பட்டியல். எங்கள் தலைமை வரைவாளர் வேலுச்சாமி சார் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழனிக்காரர். வாராவாரம் ஊருக்குப் போய் வந்து, எங்கள் எல்லோருக்கும் இலையில் பஞ்சாமிர்தம் வைப்பார்.

"ஏம்மா ரெஜினா, ஒங்க ஊரு பேரு அச்சுல வந்துருக்கு பாரு" என்றார்.

பார்த்தேன். பெருமாள்மலை–குருசடிப்பாறை சாலை. அதற்கு நேரே ஆயிரம் ரூபாய். நான் அந்த எண்ணைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. முதல் தவணை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்த மயக்கம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெருமாள்மலை போய், அந்த மூன்று மைலையும் ஓடியே இறங்கினேன். வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பூசைக்குக் கிளம்பி நின்றார்.

"அப்பா, நம்ம ரோடு பட்ஜெட்டுல வந்துருச்சு! நானே புக்குல பாத்தேன்!"

அப்பா என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "எவ்வளவு போட்டுருக்காங்க?"

"முதல்ல கொஞ்சம் போட்டிருக்காங்க. அப்புறம் வரும்."

"சரி தாயி. ஒக்காரு, மூச்சு வாங்குது பாரு" என்றார்.

அன்று கோயில் வாசலில் ஊர் முழுக்க இதே பேச்சு. வியாழக்கிழமை அப்பா லீவு போட்டு வந்து, இரண்டு ஆள் வைத்து முப்பத்தெட்டு மரங்களையும் வெட்டிவிட்டார். பிஞ்சு விட்டிருந்த சமயம். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அந்தப் பக்கமே போகவில்லையாம். வெட்டிய விறகை அடுக்கி வைத்தார்கள், இரண்டு வருஷம் எரிந்தது.

அடுத்த வாரம் ஓர் ஆபீசர் வந்து தட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வேலுச்சாமி சாரிடம், வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அது டோக்கன் தொகைம்மா. பட்டியல்ல பேரு நிக்கிறதுக்காக வைக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு லோடு ஜல்லியாச்சும் வருமா? நிஜத் தொகை எப்ப ஒதுக்குறாங்களோ அப்பத்தான் வேலை." பிறகு, "ஒங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதான் நினைத்தேன். ரொட்டி சுடுகிறவர், மகள் பேச்சை நம்பி மரத்தை வெட்டினார். அதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

4

அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கனடாவில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. வந்துவிட்டேன். சென்ற மாதத்தோடு பத்து வருஷம்.

வந்த புதிதில் ஆபீஸில் ஒருத்தியிடம், எங்கள் ஊர் ரோடு சாங்ஷன் ஆகி ஒரு வருஷமாகிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வாடி, உங்கள் ரோட்டுக்கு ஏன் தண்டனை கொடுத்தார்கள் என்று கேட்டாள். இங்கே அந்தச் சொல் முதலில் தண்டனையைத்தான் ஞாபகப்படுத்துமாம். நான் அவளைத் திருத்தவில்லை. ஒரு வகையில் பொருத்தமாகத்தான் இருந்தது.

வேலுச்சாமி சார் ஓய்வு பெற்றுப் பழனிக்குப் போய்விட்டார். ஆனால் வருஷா வருஷம் பழைய ஆபீஸுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். விமானத் தபாலுக்கு அத்தனை ஸ்டாம்பு ஒட்டி, உள்ளே ஒரே வரி. "பெயர் இருக்கிறது. ஆயிரம்." ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த உறையை நின்றபடியே பிரிப்பேன். ஆயிரத்தைப் பார்த்து ஆத்திரம் வரும். பெயரைப் பார்த்து நிம்மதியும் வரும். இந்த மனிதர் எதற்காக இத்தனை அக்கறையாக எழுதுகிறார் என்று மட்டும் விளங்கியதே இல்லை.

நடுவில் எண்பதில் காட்டு நிலத்தில் கை வைக்க டெல்லி அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் ரோட்டில் அரை மைல் காடு. அதற்கு நாலு வருஷம். அனுமதி வந்த சமயம் மதுரை ஜில்லாவைப் பிரித்து எங்களைத் திண்டுக்கல் பக்கம் சேர்த்தார்கள். ரோட்டு ஃபைல் எந்தப் பக்கம் போனது என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருஷம். இதையெல்லாம் தம்பி எழுதுவான். கடைசி வரியில் எப்போதும் ஒன்று இருக்கும். மழை முடிந்ததும் அப்பா தட்டில் முளைத்த களையைச் செதுக்கிச் சுத்தம் செய்தார். அதில் ஒரு பீன்ஸ் விதையும் போட மாட்டேன் என்கிறார். எழுதிக் கொடுத்த நிலம் சர்க்கார் நிலமாம்.

அந்த வரியைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கும்.

இந்த ஏப்ரலில் கடிதம் மாறி வந்தது. "இந்த வருஷம் டோக்கன் இல்லை. முழுத் தொகை. வேலை ஆரம்பம்." படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ரோடு வரப் போகிறது, சரி. வெட்டிய மரம் பதினோரு வருஷம் காய்த்திருக்குமே, அதை யார் தருவது?

5

பொதுக் கூட்டத்தில் நான் பேசியது மறுநாளே என் மகன் டேனியின் வகுப்புக்கு எட்டிவிட்டது. சின்ன ஊரின் லட்சணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான், பாதி நேரம் காதில் வாக்மேன் இருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். முதல் தடவையாக மரக் கதையைச் சொன்னேன். வாக்மேனைக் கழற்றிவிட்டுக் கேட்டான், அதுவே பெரிய விஷயம்.

"தாத்தாவுக்கு எவ்வளவு நஷ்டஈடு கொடுத்தார்கள்?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் தாத்தா ஏமாந்துவிட்டார்" என்றான்.

பளாரென்று ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைக்க என்ன நியாயம் இருக்கிறது? நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றியது யார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

அன்றே தம்பிக்கு எழுதினேன். குறிப்பிட்ட சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அப்பாவைப் பள்ளி ஆபீஸில் உட்கார வை, போன் செய்கிறேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டாலும் அந்த ஆபீஸில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. இங்கே அப்போது காலை. நாலு தடவை முயன்று லைன் கிடைத்தது.

"தாயி, நல்லாருக்கியா? யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?" போனில் கத்தினால்தான் கனடாவுக்குக் கேட்கும் என்பது அப்பாவின் கணக்கு.

"எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா. ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருசமாச் சொல்லல."

"வெரசாச் சொல்லு. காசு ஓடுது."

"அந்த புக்குல ஆயிரம் ரூபாதான் போட்டிருந்துச்சு. சும்மா பேருக்கு வைக்கிறதுன்னு ஒரு மாசங்கழிச்சு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டச் சொல்லல. மரமெல்லாம் என்னாலதான்ப்பா போச்சு."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஆயிரம்னு எனக்குத் தெரியுமே" என்றார் அப்பா.

"எப்பப்பா?"

"நீ ஞாயித்துக்கெழம வந்து சொன்னே. எவ்வளவுன்னு கேட்டதுக்கு மழுப்புனே. திங்கக்கெழம வெள்ளனே ரொட்டிய எறக்கி வச்சுட்டு ஒங்க ஆபீசுக்குத்தான் போனேன். நீ உள்ள பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்தே. வேலுச்சாமி சார டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் கேட்டேன். எல்லாத்தயும் சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குப்பா வெட்டுனீங்க?" என் குரலும் இப்போது உயர்ந்துவிட்டது.

"அடுத்த வாரம் ஆபீசர் எடம் பாக்க வர்றாருன்னாரு. மரம் நின்னா, நெலம் இன்னும் கைக்கு வரலைன்னு ஒரு வரி எழுதிருவாங்களாம். அப்புறம் அடுத்த வருசம் பேரே இருக்காதாம். எடம் சும்மா கெடந்தா பேரு நிக்கும்னாரு. அவங்க ஆயிரம் ரூபா வச்சு எடம் பிடிச்சாங்க. நம்மகிட்ட வைக்கிறதுக்கு என்ன இருந்துச்சு? மரந்தான் இருந்துச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் ஓடியாந்து சொன்ன புள்ளகிட்ட, அது ஒண்ணுமில்ல தாயின்னு சொல்லவா? நான் வந்து கேட்டத ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னு சார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ கனடா போனப்புறம், வருசா வருசம் பேரு நிக்கிதான்னு மட்டும் பாத்து ஒனக்கு எழுதச் சொன்னேன்."

ஆறுதல் வந்தது என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது கோபம். பதினோரு வருஷம் இந்தக் கல்லை நான் சுமந்தது எதற்கு? அவரும் என்னிடம் சொல்லாமல் ஒரு கல்லைச் சுமந்திருக்கிறார். அங்கே ஒருத்தர், இங்கே ஒருத்தி, நடுவில் பழனியில் ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு கடிதம்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"போன வருசம் சொன்னேன். பத்து நாள் பேசல. இப்ப பேசுறா." பிறகு அவரே கேட்டார். "எதுக்கு இப்பத் திடீர்னு?"

ஹென்றி கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நீ சொன்னது சரிதான் தாயி. அங்க காசு வரும், வந்தப்புறம் வெட்டட்டும். இங்க அப்படிச் சொல்லியிருந்தா மரமும் நின்னுருக்கும், நம்மளும் நின்னுருப்போம், அதே எடத்துல."

லைன் அத்தோடு போய்விட்டது.

6

அக்டோபரில் ஹென்றி ஆபீஸுக்கு வந்து ஒரு பெட்டி ஆப்பிளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இந்த வருஷத்துக் காய், நீ சொன்னதால் கிடைத்தது என்றார். மேலதிகாரியும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஓட்டு. நான் சம்மதம் என்று போட்டேன். இருபது வருஷ வரி; அதற்குள் டேனி எந்த ஊரில் இருப்பானோ, இந்தப் பாலத்தில் ஒரு தடவையாவது போவானோ தெரியாது. ஹென்றியும் சம்மதம் என்றுதான் போட்டாராம். பாலம் ஜெயித்தது. அவர் மரங்கள் வசந்தம் வரை நிற்கும்.

டேனியிடம் போனில் பேசியதைச் சொன்னேன். அப்படியானால் தாத்தா ஏமாறவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் நஷ்டஈடு கொடுத்திருக்க வேண்டும்" என்றான். அதில் எனக்கு அவனோடு சண்டையில்லை.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊருக்குப் போகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரோடு முடிந்து, தினம் இரண்டு தடவை பஸ் வந்து போகிறதாம். நேற்று தம்பியின் கடிதம் வந்தது. அதில் அப்பா சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தான்.

"தாயி, பெருமாள்மலையில எறங்கி நடந்துராதீங்க. அதே பஸ்ஸு கீழ வரும். நம்ம வீட்டுக்கு எந்த ஸ்டாப்புன்னு நீ யாரையும் கேக்க வேணாம். கண்டக்டரு, பேரிக்காத்தோட்டம்னு சத்தம் போடுவான். சன்னல் வழியாப் பாத்தா ஒத்த மரம் இருக்காது. அங்கதான், எறங்கிரு."